கச்சத்தீவில் ஒரு பௌர்ணமி இரவு

படகு ஒன்றைத் தவிர வேறெவ்வழியாலும் சென்றடைய இயலாத கோயில் ஒன்று நம் தமிழ்க் கத்தோலிக்க மக்களுக்கு உண்டு. அக்கோயிலைச் சுற்றி ஊர் இல்லை. குடிப்பதற்கு நன்னீர் இல்லை. ஆண்டின் ஏனைய நாட்களிலெல்லாம் அலைகளும், கடற்பறவைகளும், காவலுக்கு நிற்கும் கடற்படை வீரர் சிலருமே அங்குள்ள புனிதருக்குத் துணை. பெரும்பாலும் தவக்காலத்தை ஒட்டி வரும் இரண்டே நாட்கள், இரு நாட்டு மக்களும் அலைகடலைக் கடந்து வந்து அவரைச் சூழ்ந்துகொள்வர். மறுநாள் உச்சிப்பொழுது சாய்வதற்குள் தீவு மீண்டும் தனித்துவிடும். அதுவே கச்சத்தீவுப் புனித அந்தோனியார் திருத்தலம்.

2025ஆம் ஆண்டு மார்ச் 14, 15 ஆகிய நாட்களில் நடைபெற்ற திருவிழாவுக்குச் சென்றுவரும் பேறு எனக்குக் கிட்டிற்று. வானம் பார்த்த கரிசல் பூமியிலே பிறந்து, கண்மாய் நிரம்பினால் அதையே கடலென்று எண்ணி வளர்ந்தவன் நான். குருத்துவ வாழ்வில் இத்தனை ஆண்டுகள் சென்றபின்னும் கரையில் நின்று கடலைப் பார்த்ததுண்டேயன்றிக் கடல்மீது சென்றதில்லை. ஆகவே இப்பயணத்தைக் கண்ட காட்சிகளின் கோவையாக எழுதவே முதலில் எண்ணியிருந்தேன். ஆனால் அத்தீவின் மணலில் ஒருவருக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்று இக்கட்டுரையை வேறு துறைக்குத் திருப்பிவிட்டது. அதனை உரிய இடத்தில் சொல்வேன்.

துறைமுகத்திலிருந்து

முந்திய நாளே இராமேசுவரம் போய்ச் சேர்ந்தேன். அங்குள்ள வேர்க்கோடு பங்குதான் இங்கிருந்து செல்லும் திருப்பயணிகளை ஒருங்கிணைத்து அனுப்பிவைக்கிறது. பெயர்களைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டும். அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கவேண்டும். இன்னார் இன்ன படகில் செல்வரென்று பட்டியல் எழுதப்படும். கடவுச்சீட்டு வேண்டியதில்லை. விசா என்ற பேச்சும் இல்லை. அயல்நாட்டு மண்ணுக்கு இவ்வளவு எளிதாகச் செல்வது எப்படி என்று வியப்போருக்காகச் சிறிது வரலாறு சொல்லவேண்டும்.

கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர். நீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். இராமேசுவரத்துக்கு வடகிழக்கே பாக் நீரிணைப் பகுதியில் அது கிடக்கிறது. அதற்கு அப்பால் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் இலங்கையின் நெடுந்தீவு. முற்காலத்தில் சேதுபதி மன்னர்களின் இராமநாதபுரம் சமீனைச் சேர்ந்ததாக இது எண்ணப்பட்டது. 1974 ஜூனில் இரு நாட்டுப் பிரதமர்களான இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி தீவு இலங்கைக்குரியதாயிற்று. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே பயண ஆவணமோ விசாவோ இன்றித் தீவுக்கு வந்துபோகலாம் என உரைக்கிறது. 1976இல் நிகழ்ந்த கடிதப் பரிமாற்றம், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டின் கடலில் மீன்பிடித்தல் ஆகாதென வரையறுத்தது. இவ்வுடன்படிக்கைகளைப் பற்றி நம் நாட்டில் எழுந்த வாதங்கள் இன்னும் ஓயவில்லை. அவற்றுள் புகுவது என் நோக்கமன்று.

கோயில் எழுந்த கதையைக் கடற்கரை மக்கள் அன்போடு சொல்வர். நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அந்தோனியாருக்குச் சிறு கோயில் ஒன்றை எழுப்பினார் என்பது அவர்களது மரபுவழிச் செய்தி. வலை உலர்த்தவும், களைப்பாறவும், காற்றுக்கு ஒதுங்கவும் இரு கரை மீனவரும் இறங்கிய தீவிலே, அவர்கள் முழந்தாளிட ஓர் இடமும் இவ்வாறு உண்டாயிற்று. இலங்கையில் போர் மூண்ட ஆண்டுகளில் திருவிழா தடைப்பட்டது. போர் 2009இல் முடிவுற, அடுத்த ஆண்டு மீண்டும் கொடியேறியது. 2016 டிசம்பரில் யாழ்ப்பாண மறைமாவட்டம் அங்கே புதிய ஆலயம் ஒன்றை அர்ச்சித்தது. அதைக் கட்டும் பணியில் கைகொடுத்தவர்கள் இலங்கைக் கடற்படையினர்.

விடியலிலேயே துறைமுகத்தில் வரிசை நீண்டுவிட்டது. முதியோரும், கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும், அரிசிச்சோற்றைப் புளியிட்டுக் கட்டிய பொட்டலங்களும், தண்ணீர்க் கேன்களுமாக ஒரு கிராமமே இடம்பெயர்வதுபோல் இருந்தது. பைகளைச் சோதித்து, பெயரைச் சரிபார்த்து, மிதவைச் சட்டையை மாட்டி எங்களைப் படகில் ஏற்றினர். நாங்கள் ஏறியது ஒரு விசைப்படகு. நாள்தோறும் இழுவைமடி இழுத்துத் தொழில் செய்யும் படகுதான் அது. திருவிழாவுக்காக வலையையும் பலகைகளையும் கரையில் இறக்கிவைத்து, தளத்தைக் கழுவி, முகப்பில் பூமாலை சூட்டியிருந்தனர். எவ்வளவு கழுவினாலும் மீன்வாடை மட்டும் மரத்தைவிட்டுப் போகவில்லை. வலையைச் சுற்றி இழுக்கும் பெரிய இரும்பு உருளைக்கருகில் எனக்கு ஓர் இடம் தந்தார்கள்.

இந்த ஆண்டுப் பயணத்தில் மக்களிடையே ஓர் ஏக்கம் இருந்தது. 2024இல் இங்கிருந்து ஒருவரும் செல்லவில்லை. எல்லை தாண்டி மீன்பிடித்ததாகப் பிடிபட்ட நம் படகோட்டிகள் சிலருக்கு இலங்கையில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து, மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தனர். ஓராண்டு அந்தோனியாரைப் பாராமலிருந்த குறையைத் தீர்த்துக்கொள்ளும் ஆவல் ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது.

எனக்கு எதிரே ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவர். மடியில் மஞ்சள் துணியால் சுற்றிய சிறு பொருளொன்றை இறுகப் பற்றியிருந்தார். படகு ஆடத் தொடங்கியதும் என் முகம் வெளுத்ததைக் கண்டு, "அடிவானத்தையே பாருங்க சாமி; தண்ணியப் பாக்காதீங்க" என்று சொல்லி, ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். அடிவானத்தையே பார்த்தேன். ஓரளவு தெளிந்தபின், கட்டளைச் செபப் புத்தகத்தை முடித்து, அன்றைய திருப்பலி வாசகத்தை எடுத்தேன்.

அன்று தவக்காலத்தின் முதல் வாரத்து வெள்ளிக்கிழமை. அந்நாளுக்குத் திருச்சபை தரும் நற்செய்தி, புனித மத்தேயு ஐந்தாம் அதிகாரத்துப் பகுதி. காணிக்கை செலுத்த வரும்போது, சகோதரன் நம்மீது மனத்தாங்கல் கொண்டிருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் போய் நல்லுறவு கொள்ளவேண்டும் என்று ஆண்டவர் அங்கே கற்பிக்கிறார். அதற்கு அடுத்தாற்போல், எதிராளியோடு வழியிலேயே உடன்பாடு செய்துகொள்ளாதவன் நடுவரிடம் ஒப்புவிக்கப்பட்டுச் சிறைப்படுவான் என்றும் எச்சரிக்கிறார். பீடத்துக்குச் செல்லும் வழியில் இருந்த எனக்கு, படகில் இருந்தோர் பேச்செல்லாம் சிறையைப் பற்றியதாகவே இருந்தபோது, அவ்வாசகம் நெஞ்சில் தைத்தது. ஆயினும் அதன் பொருள் முழுவதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கரை தெரிந்தது

மூன்று மணி நேரமளவில் நீரின் நிறம் மாறிற்று. ஆழ்ந்த பச்சை வெளிறி, இளம் பச்சையாகி, பின்பு அடியிலுள்ள மணல் தெரியும்படி கண்ணாடிபோல் ஆயிற்று. முதலில் ஒரு கோடு. பிறகு புதர்களின் சாம்பற்பச்சை. அதன் நடுவே ஆலயத்தின் முகப்பு. படகிலிருந்தோர் எழுந்து கைகூப்பினர். "அந்தோனியாரே!" என்று ஒருவர் குரலெழுப்ப, பின்னால் வந்த படகுகளிலும் அவ்வொலி தொடர்ந்தது. தற்காலிகமாக அமைத்திருந்த இறங்குதுறையில் எங்களைக் கைகொடுத்து இறக்கியவர்கள் இலங்கைக் கடற்படை இளைஞர்கள். கடலில் எவருடைய படகைக் கண்டு நம் மீனவர் அஞ்சுவரோ, அவர்களே அம்மூதாட்டியை இருபுறமும் தாங்கி மணலில் நிறுத்தினர். அவரும் அப்பிள்ளைகளின் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார்.

கடற்கரையின் அழகை எவ்வாறு எழுதுவேன்! மனிதக் காலடி அரிதாகவே படுவதால் மணல் மாசின்றிக் கிடக்கிறது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய பவளத் துண்டுகள் வெளுத்த எலும்புகள்போலக் கரைநெடுக விரவியிருக்கின்றன. சிறு சங்குகளும் சிப்பிகளும் காலில் இடறுகின்றன. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடலாதலால் அலைகள் சீறுவதில்லை. ஒரு தாய் குழந்தையைத் தட்டுவதுபோல் மணலைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அழகில் மயங்கிவிடவும் இயலாது. நிழல் தரும் பெருமரங்கள் அரிது. முட்புதரும் வெயிலும் உப்புக்காற்றுமே மிகுதி. குடிக்கும் ஒவ்வொரு துளி நீரும் ஏதாவதொரு கரையிலிருந்து படகில் வந்ததே. இத்தீவில் மனிதன் எதையும் தனதென்று வைத்திருக்க முடியாது. பிறர் கொண்டுவந்து பகிர்ந்தால்தான் வாழமுடியும்.

மாலையில் கொடியேற்றம் நடந்தது. யாழ்ப்பாண மறைமாவட்டக் குருக்களும் நம் பக்கத்துக் குருக்களும் ஒருங்கே நின்றோம். வெள்ளிக்கிழமை ஆதலின் ஆலயத்தைச் சுற்றிச் சிலுவைப்பாதை நிகழ்ந்தது. சிலுவையை ஒரு நிலையில் இராமேசுவரத்து இளைஞர் சுமந்தனர். அடுத்த நிலையில் நெடுந்தீவு இளைஞர் தோள்கொடுத்தனர். தமிழும் சிங்களமும் கலந்த செபம் காற்றிலே கடலுக்குச் சென்றது. கதிரவன் மேற்கே நம் நாட்டுப் பக்கம் மறைய, கிழக்கே இலங்கைப் பக்கத்திலிருந்து முழுநிலா எழுந்தது. அன்று பௌர்ணமி. திருப்பலிக்குப்பின் அந்தோனியாரின் சுரூபம் தேரில் பவனி வந்தபோது விளக்குகளே தேவையில்லை எனும்படி மணலெல்லாம் வெள்ளி பூத்திருந்தது.

ஒரே புனிதரிடம் இரு மன்றாட்டு

பவனி முடிந்து மக்கள் கூட்டங்கூட்டமாக மணலில் அமர்ந்தனர். முன்னாளில் இவ்விரவில்தான் இரு கரைக் குடும்பங்களும் உறவு புதுப்பித்துக்கொண்டனவாம், சம்பந்தம் பேசிக்கொண்டனவாம். இங்கிருந்து துணிமணிகளைக் கொண்டுபோய் அங்கிருந்து வரும் தேங்காயெண்ணெயையும் சவுக்காரத்தையும் மாற்றிக்கொண்டதை மூத்தோர் இன்றும் சுவைபடச் சொல்கின்றனர். இப்போதும் சிறு கடைகள் இருந்தன.

நான் ஒப்புரவு அருளடையாளத்துக்காக ஒரு புதரின் ஓரத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்து எழுந்தேன். அதன்பின், என்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவரல்லாத ஒருவர், சுடுநீர்க் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். குருநகர்ப் பக்கத்து மீனவர். ஐம்பது வயதிருக்கும். ஏறக்குறைய என் வயதினர். நான் எப்படகில் வந்தேன் என்று கேட்டார். விசைப்படகில் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மரியாதை குன்றாமல் சொன்னார்:

"குறை நினைக்காதேங்கோ சுவாமி. நீங்கள் வந்த அந்த றோலர்தான் எங்கட வலையளை அறுக்கிறது. இந்த வருசத்துக்குள்ள எனக்கு ரெண்டு தரம் போயிட்டுது. கிழமையில மூண்டு நாள் நாங்கள் கடலுக்குப் போறேல்லை. உங்கட ஆக்கள் வாற நாள் எங்களுக்குத் தெரியும்."

நான் திகைத்தேன். இராமேசுவரத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு எஞ்சிய நாட்கள் என்று தொழில்முறை வகுத்திருப்பதை முந்திய நாள்தான் ஒருவர் பெருமையோடு எனக்கு விளக்கியிருந்தார். நம் கடலில் எளியவரின் வலையைக் காக்க ஏற்பட்ட அந்த ஒழுங்கே, மறு கரையில் எளியவர் கடலைவிட்டு ஒதுங்கும் நாட்குறிப்பாக மாறியிருப்பதை நான் அறிந்திருக்கவில்லை.

அவர் மேலும் சொன்னார். போர் நடந்த காலத்தில் அவர்கள் விரும்பியபடி கடலுக்குச் செல்லத் தடை இருந்தது. குறிப்பிட்ட தூரம், குறிப்பிட்ட நேரம். பல நாட்கள் அதுவும் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர்களது கடல் வெறுமையாய்க் கிடந்தது. நம் விசைப்படகுகள் அங்கே சென்று பழகிவிட்டன. 2009க்குப் பின் அவர்கள் கடன்பட்டு வலை வாங்கித் தங்கள் கடலுக்குத் திரும்பியபோது, அது பிறருடைய கடல்போல் ஆகியிருந்தது. இழுவைமடி கடலின் அடித்தரையையே வழித்துச் செல்வது. குஞ்சும் முட்டையும் மீன் ஒதுங்கும் பாசியும் அதற்குத் தப்புவதில்லை. அதனால் 2017இல் இலங்கை அதனைத் தன் நாட்டினருக்கும் சேர்த்தே சட்டத்தால் தடைசெய்தது. அதற்கு முந்திய ஆண்டில், இழுவைமடியை இயன்ற விரைவில் கைவிடும் நிலைக்கு வருவதென இரு நாட்டு அரசுகளும் பேசி ஒப்பியிருந்தன. 2017இல் நம் பக்கத்து இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. ஆனால் எதிர்பார்த்த வேகத்தில் அது நடைபெறவில்லை.

"நாங்களும் தமிழர்தானே, சுவாமி, வேதக்காரர்தானே! போர்க்காலத்தில அகதியாப் போன எங்கட சனத்தைச் சோறு போட்டுப் பார்த்தது உங்கட கரைதான். அதை மறக்கேலுமே? அதாலதான் வாய்விட்டுச் சொல்லேலாமல் கிடக்குது. நான் அந்தோனியாரிட்டை என்ன கேக்கிறன் தெரியுமோ? அந்த றோலர் இனி வரக்கூடாது எண்டு கேக்கிறன்."

எங்களுக்குச் சில அடி தூரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த தங்கச்சிமடத்து மூதாட்டி எழுந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். மடியிலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார். உள்ளே வெள்ளித் தகட்டில் செய்த சிறு படகு ஒன்று இருந்தது, நேர்ச்சைப் பொருள். அவர் மகன் ஒரு விசைப்படகில் கூலிக்குச் சென்று பிடிபட்டு, சில மாதம் சிறையிலிருந்து மீண்டவன். ஆள் திரும்பினான், படகு திரும்பவில்லை. படகு இல்லாததால் உரிமையாளருக்கும் பிழைப்பில்லை. கூலிக்குச் சென்ற குடும்பங்களுக்கும் அடுப்பெரியவில்லை. படகு திரும்பிவர வேண்டும் என்பதே அவரது மன்றாட்டு.

வாசகப் பெருமக்களே, என் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எனக்கு வலப்புறம் ஒருவர், அப்படகு வரலாகாது என்று அந்தோனியாரிடம் வேண்டுகிறார். இடப்புறம் ஒருவர், அப்படகு வரவேண்டும் என்று அதே அந்தோனியாருக்குக் காணிக்கை கொண்டுவந்திருக்கிறார். இருவரும் ஏழைகள். இருவர் மன்றாட்டும் கண்ணீரோடு கூடியது. குருமடத்தில் நான் கற்ற எந்தப் பாடமும் அந்நேரத்தில் என் நாவுக்கு வரவில்லை.

பேசியவர் அம்மூதாட்டிதான்.

"சாமி, இந்தப் புள்ள சொல்றது நெசம். எங்க வீட்டுக்காரரு நாட்டுப்படகுதான். அப்ப விசைப்படகு வந்த புதுசு. எங்க வலையையும் அறுத்துச்சு. அன்னிக்கு நான் கரையில உக்காந்து மண்ணைவாரித் தூத்துனேன். இப்ப என் மகனே அதுல கூலிக்குப் போறான். வேற தொழிலு எங்க இருக்கு? வலையை அறுத்தா வயித்த அறுத்த மாதிரிதான்; எனக்குத் தெரியாதா?"

பிறகு அவரைப் பார்த்து, "ஏம்ப்பா, தண்ணி இருக்கா? இந்தா, குடி" என்று தம் கேனை நீட்டினார். நாவறண்டிருந்ததோ, மறுக்க மனமில்லையோ, அவர் வாங்கிக் குடித்தார். "உங்கட மகனுக்கு எத்தனை பிள்ளையள், ஆச்சி?" என்று கேட்டார். "ரெண்டு பொம்பளப் பிள்ளைக" என்றார் மூதாட்டி. அதன்பின் அவர்கள் படகைப் பற்றியோ வலையைப் பற்றியோ பேசவில்லை. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினர். அவ்வளவுதான் நடந்தது. அறுந்த வலை தைக்கப்படவில்லை. பிடிபட்ட படகு அவிழ்த்துவிடப்படவும் இல்லை. இதைப் பெரிதாக்கிச் சொன்னால் அவ்விருவருக்கும் நான் உண்மையுள்ளவனாக இருக்கமாட்டேன்.

ஆனால் படகில் வாசித்த நற்செய்தி அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நாம் சகோதரன்மீது மனத்தாங்கல் கொண்டிருந்தால் என்று ஆண்டவர் அங்கே சொல்லவில்லை; சகோதரன் நம்மீது மனத்தாங்கல் கொண்டிருந்தால் என்றே சொல்கிறார். நமக்குப் பிறர் இழைத்தவை நமக்கு எப்போதும் நினைவிலுண்டு. வழிநெடுக எங்கள் படகில் பேசப்பட்டவையெல்லாம் அவையே: துப்பாக்கிச்சூடு, சிறை, பறிபோன படகு, வாடும் குடும்பம். அவை பொய்யல்ல. அத்துயரங்களுக்கு நீதி கேட்பது தவறும் அல்ல. ஆனால் மறு கரையில் ஒருவருக்கு நம்மீது குறை உண்டு என்பது பீடத்தின்முன் வந்து நிற்கும்வரை எங்களில் ஒருவர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை.

அலைகடலில் அகப்பட்ட புனிதர்

உறங்க இயலாமல் கரையோரம் நடந்தேன். நிலவு உச்சிக்கு ஏறியிருந்தது. அங்கே ஆலயத்துள் இருப்பவரின் வாழ்க்கையை எண்ணிக்கொண்டே நடந்தேன். நாம் அவரைப் பதுவை நகரத்து அந்தோனியார் என்கிறோம்; ஆனால் அவர் பிறந்தது 1195இல் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில். மறைசாட்சியாக மரிக்கும் ஆவலோடு மொரோக்கோ சென்ற அவரை நோய் வீழ்த்திற்று. தாயகம் திரும்பக் கப்பலேறினார். காற்று கப்பலைத் திசைமாற்றிச் சிசிலித் தீவின் கரையில் ஒதுக்கிவிட்டது. தாம் செல்ல எண்ணாத கரையிலே ஒதுங்கிய அந்த அந்நியரை அங்குள்ளோர் ஏற்றுக்கொண்டதால்தான் திருச்சபைக்கு அந்தோனியார் கிடைத்தார். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஆட்பட்டு எல்லை தவறும் மீனவனின் துன்பம் அவருக்குப் புரியாததன்று.

ஆனால் அவரிடம் இன்னொரு முகமும் உண்டு. எளியவரை நசுக்கும் வட்டிக்காரரை அவர் பிரசங்க மேடையிலிருந்து கடிந்தார். 1231ஆம் ஆண்டு, அவர் மரிப்பதற்குச் சில மாதங்களுக்குமுன், கடனைக் கட்ட இயலாத ஏழைகளைச் சிறையில் வாடவிடும் வழக்கத்தைத் தளர்த்திப் பதுவை நகரம் ஒரு சட்டம் இயற்றியது. அது அவருடைய வேண்டுகோளின்படி பிறந்த சட்டம். சிறைப்பட்டவனுக்காகப் பரிந்து பேசியதும் அவரே. எளியவன் பிழைப்பைப் பறிப்பவனைக் கண்டித்ததும் அவரே. ஆகவே அவ்விருவரின் மன்றாட்டுகளும் எனக்குத்தான் முரணாகத் தோன்றின; அவருக்கு அவை ஒன்றாகவே கேட்டிருக்கும். இருவரும் கேட்பது பிள்ளைகளுக்கு உணவு. அதை ஒருவர் தட்டிலிருந்து எடுத்து மற்றவர் தட்டில் இடும்படி கடவுள் தம் கடலைப் படைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் கூட்டுத் திருப்பலி நடந்தது. அந்நாளின் நற்செய்தி பகைவரிடமும் அன்புகூர்வதைப் பற்றியது. காணிக்கை நேரத்தில் வெள்ளிப் படகை மூதாட்டி பீடத்தருகே வைத்ததைக் கண்டேன். வைத்துவிட்டு அவர் நெடுநேரம் கைகூப்பி நின்றார். முந்திய நாள் கேட்க எண்ணியதைத்தான் கேட்டாரா, வேறெதையாவது கேட்டாரா என்பதை அந்தோனியார் அறிவார்.

கொடி இறங்கிற்று. இறங்குதுறையில் அந்தக் குருநகர் மீனவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு சவுக்காரக் கட்டிகள். "இது ஆச்சிக்கு" என்றார். பிறகு என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார்: "சுவாமி, நான் சொன்னதை உங்கட கோயிலில சொல்லுவியளோ?"

"சொல்லுவேன்" என்றேன்.

அதுவே நான் முன்னர்க் குறிப்பிட்ட வாக்கு. கரைக்கு வந்தபின் அதை நிறைவேற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை. என் பங்கு கடலிலிருந்து வெகுதூரம். மீனவர் சிக்கலைப் பேசினால், நமக்கென்ன என்று கேட்கக்கூடும். கடற்கரைப் பங்குகளில் பேசினால், சிறையில் கிடக்கும் நம் பிள்ளைகளை மறந்து மறு கரைக்குப் பரிந்து பேசுகிறாரே என்று வருந்தக்கூடும். இவ்வாறெல்லாம் எண்ணிப் பல ஞாயிறுகளை வாளாவிருந்து கழித்தேன். வாயால் சொல்லத் தயங்கியதை எழுத்தாலேனும் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நமக்கென்ன என்று உள்நாட்டுக் குடும்பங்களும் சொல்ல இயலாது. சந்தையில் மீன் வாங்குவோர் நாமும்தான். விலை மலிந்தால் மகிழ்வோரும் நாமேதான். அது எவ்வகை வலையில், எவர் கடலில் பட்டது என்று நாம் கேட்டதில்லை. கடற்கரைக் குடும்பங்களுக்கு நான் புத்தி சொல்லத் தகுதியுள்ளவன் அல்லேன். அம்மூதாட்டி உங்களில் ஒருவர். அவர் சொன்னதே போதும். மாற்றுத் தொழிலுக்கும், அழிவு செய்யாத வலைக்கும், பிடிபட்ட எளியோரின் விடுதலைக்கும் ஆள்வோரிடம் ஒரே மூச்சில் குரல்கொடுக்க நம் பங்குகளால் முடியும். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை மறைப்பதுதான் ஆகாது.

திரும்பும் படகில் மூதாட்டியிடம் சவுக்காரத்தைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "எங்க வீட்டுக்காரரு வாங்கிட்டு வருவாரே, அதே வாசம் சாமி" என்றார். மஞ்சள் துணியில் அதைச் சுற்றி, வெள்ளிப் படகு இருந்த இடத்தில் மடியில் வைத்துக்கொண்டார். தீவு ஒரு கோடாகி, பின்பு மறைந்தது. அடிவானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த திருவிழாவுக்கும் படகுகள் புறப்படும். செல்வோர் தங்கள் காணிக்கையோடு, மறு கரைச் சகோதரர் நம்மீது கொண்ட குறை என்னவென்று கேட்கும் மனத்தையும் எடுத்துச் செல்வார்களாக. செல்ல இயலாதோர், இரு கரைப் பிள்ளைகளுக்காகவும் இன்று மாலைச் செபமாலையில் ஓர் அருள்நிறை மந்திரத்தைச் சேர்த்துச் சொல்வார்களாக. கச்சத்தீவுப் புனித அந்தோனியாரே, எங்கள் இரு கரைகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.